வெள்ளையாய் வாங்கிய குட்டி ஏன் கறுத்தது?

சயாமீஸ் பூனைக்குட்டி வாங்கியவர்களுக்கு முதல் சில மாதங்களுக்குள் ஒரு சந்தேகம் வந்துவிடும். வாங்கும்போது குட்டி பால் வண்ணத்தில் இருந்தது. மூக்கருகே மட்டும் லேசான சாம்பல் தடம். நாளாக ஆக அந்தத் தடம் முகம் முழுக்கப் பரவுகிறது. பிறகு காதுகள், நான்கு பாதங்கள், வால். அழுக்கோ, தோல் நோயோ, வேறு ரகக் குட்டியைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்று வீட்டில் பேச்சு கிளம்பும். பயப்பட ஒன்றுமில்லை. அசல் சயாமீஸ் என்றால் அது கறுத்தே ஆக வேண்டும். முகமும் பாதமும் ஒரு வயதிலும் வெளுப்பாகவே இருந்தால்தான் விற்றவரிடம் போய்க் கேட்க வேண்டும்.

ஆனால் உடம்பு வெளுப்பாகவே இருக்க, ஓரங்கள் மட்டும் ஏன் கறுக்கின்றன? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ரகப் பூனை வாங்குகிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயத்தில் போய் நிற்போம். கொஞ்சம் சுற்றித்தான் போக வேண்டும்.

முடியின் கறுப்புக்குக் காரணம் மெலனின் என்ற நிறமி. அதைத் தயாரிக்கும் வேலையின் முதல் படியைச் செய்வது டைரோசினேஸ் என்ற நொதி. அந்த நொதியை எந்த வடிவில் கட்டுவது என்ற குறிப்பு ஒரு மரபணுவில் இருக்கிறது. சயாமீஸ் பூனையிடம் அந்தக் குறிப்பில் ஓர் எழுத்து மாறிப்போயிருக்கிறது. இப்படி மரபணுவில் நேரும் மாற்றத்தைச் சடுதி மாற்றம் என்பார்கள். இதனால் நொதி முற்றிலும் செயலிழந்துவிடவில்லை. சூடு தாங்காததாகிவிட்டது, அவ்வளவுதான். உறைமோரைக் கொதிக்கும் பாலில் விட்டால் தயிர் உறையாது. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் விட்டால் உறையும். மோர் அதேதான், பாலின் சூடுதான் வேறு. சயாமீஸின் நொதியும் அப்படித்தான். பூனையின் உள்ளுடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் நொதி வேலை செய்வதில்லை, முடி நிறமின்றி வளர்கிறது. காதோரம், மூக்கு, பாதம், வால் நுனி ஆகிய இடங்களில் தோல் சில டிகிரி குளிர்ந்திருக்கும். அங்கே நொதி வேலை செய்ய, முடி கறுக்கிறது. தாயின் வயிற்றுக்குள் எல்லாப் பக்கமும் ஒரே சூடு என்பதால் குட்டி வெள்ளையாகவே பிறக்கிறது.

இது வெறும் ஊகமில்லை. 1930-ல் இல்யின் என்ற பெயருடைய இரண்டு ரஷ்ய ஆய்வாளர்கள் சயாமீஸ் பூனைகளின் உடலில் வெளிர்முடி இருந்த இடங்களைச் சிரைத்து, அந்தப் பூனைகளைக் குளிரில் வைத்தார்கள். திரும்ப முளைத்த முடி கறுப்பாக இருந்தது. இதே பரிசோதனை உங்கள் வீட்டிலும் ஒருநாள் நடக்கும். கருத்தடை அறுவைக்காக மருத்துவர் வயிற்றிலோ விலாவிலோ முடியை மழிப்பார். முடிப் போர்வை இல்லாத அந்தச் சதுரம் குளிர்ந்துபோவதால், அங்கே முதலில் வளரும் முடி சுற்றுப்புறத்தைவிடக் கறுப்பாக வரலாம். அடுத்த முறை முடி உதிர்ந்து மாறும்போது பழைய நிறம் திரும்பிவிடும். தழும்பும் இல்லை, தொற்றும் இல்லை. களிம்பு தடவ வேண்டியதில்லை.

இது மரபுவழி வருகிறது என்பதும் பரிசோதித்து அறிந்ததுதான். 1930களில் ஹார்வர்டில் க்ளைட் கீலர் என்ற மரபியலாளரும் வர்ஜீனியா காப் என்ற பூனை வளர்ப்பாளரும் சயாமீஸைப் பாரசீகப் பூனையோடு கலந்தார்கள். முதல் தலைமுறைக் குட்டிகள் எதிலும் சயாமீஸ் முகம் இல்லை. அந்தத் தலைமுறையிலிருந்து மேலும் கலந்தபோது அது திரும்பி வந்தது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகளாக வருகிறது. சயாமீஸ் நிறம் தெரிய வேண்டுமானால் இரண்டுமே மாறிய பிரதிகளாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் மற்றது நிறமியைத் தயாரித்துவிடும். பாடப்புத்தகத்தில் இதை ஒடுங்கு பண்பு என்று படித்திருப்பீர்கள். உங்கள் சயாமீஸ் பெட்டை தெருக்கடுவனோடு சேர்ந்து ஈன்ற குட்டிகளில் ஒன்றுகூடத் தாயைப் போல இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இன்று சென்னையில் 'ஹிமாலயன்' என்று விற்கப்படும் நீலக்கண், நீண்ட முடிப் பூனை, இத்தகைய கலப்புகளிலிருந்து உருவான ரகந்தான். இமயமலைக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது.

முக்கியமான பகுதி இனிமேல்தான். அந்த நொதி முடியில் மட்டுமா வேலை செய்கிறது? கண்ணுக்குள்ளும் நிறமிப் படலம் ஒன்று உண்டு. கண் உருவாகும்போது, விழித்திரையிலிருந்து கிளம்பும் நரம்பிழைகளில் எவை மூளையின் எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்பது முறையாக அமைவதில் அந்த நிறமிக்குப் பங்கு இருக்கிறது. சாதாரணப் பூனையில் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஒரு பகுதி இழைகள் அதே பக்க மூளைக்கும் மற்றவை எதிர்ப்பக்கத்துக்கும் போகும். சயாமீஸின் கண் உடல்சூட்டிலேயே வளர்வதால் அங்கே நிறமி குறைவு. கண் நீலமாகத் தெரிவதும் அதனால்தான். அதன் கண்ணிலிருந்து வேண்டியதற்கு அதிகமான இழைகள் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுகின்றன. 1969-ல் ரெய்னர் கில்லரி இந்தப் பிசகைச் சயாமீஸ் மூளையின் உட்பகுதி ஒன்றில் கண்டார். 1971-ல் டேவிட் ஹூபலும் டார்ஸ்டன் வீசலும் அந்த மூளையில் மின்முனை வைத்து, பிசகிய இழைகள் எங்கே போய்ச் சேருகின்றன என்று தேடிப் பதிவுசெய்தார்கள். பார்வை பற்றிய ஆராய்ச்சிக்காக இருவரும் 1981-ல் நோபல் பரிசு பெற்றவர்கள்.

பழைய படங்களில் சயாமீஸ் பூனைகள் பலவும் மாறுகண்ணோடு இருப்பதற்கு இந்த நரம்புப் பிசகே அடிப்படை. மாறுகண் உள்ளவற்றை இனப்பெருக்கத்திலிருந்து ஒதுக்கி ஒதுக்கி, வளர்ப்பாளர்கள் அதை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். ஆனால் உள்ளே இழைகளின் பிசகு அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அது நிறத்தோடு ஒட்டிப் பிறந்தது. அந்த நிறம் வேண்டும், பிசகு வேண்டாம் என்று கேட்க முடியாது.

ஒரே மரபணு உடலில் பல இடங்களில் பல விளைவுகளை உண்டாக்குவதை மரபியலில் பிளியோட்ரோபி என்பார்கள். பல்விளைவு என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். ரகப் பூனை வாங்குபவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய அறிவியல் இந்த ஒன்றுதான் என்பேன். கண்ணுக்குப் பிடித்த ஒரு தோற்றத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்த மரபணு உடலுக்குள் செய்கிற மற்ற வேலைகளையும் சேர்த்தே வாங்குகிறோம். சயாமீஸ் விஷயத்தில் இதனால் பெரிய துன்பமில்லை. இரு கண்ணையும் சேர்த்து ஆழம் அறிவதில் அதற்குக் குறை உண்டு. வீட்டுக்குள் ஓடியாடி வாழ்வதற்கு அது தடையில்லை. எல்லா ரகமும் இப்படித் தப்பிவிடுவதில்லை.

1961-ல் ஸ்காட்லாந்தின் கூப்பர் ஆங்கஸ் ஊர்ப்பக்கம் ஒரு பண்ணையில், காது முன்பக்கம் மடிந்த ஒரு வெள்ளைப் பூனை இருந்தது. பெயர் சூசி. வில்லியம் ராஸ் என்ற ஆட்டிடையர் அதன் குட்டியொன்றை வாங்கி வளர்க்க, அதிலிருந்து வந்ததே ஸ்காட்டிஷ் ஃபோல்ட். வட்டமுகமும் மடிந்த காதுமாக ஆந்தைக்குஞ்சைப் பார்ப்பது போலிருக்கும். இணையத்தில் இதற்கு இருக்கும் ரசிகர்கள் ஏராளம். இந்தப் பண்பு ஓங்கு பண்பு, அதாவது மாறிய பிரதி ஒன்று இருந்தாலே போதும், காது மடிந்துவிடும். ஃபோல்டைச் சாதாரணக் காதுள்ள பூனையோடு சேர்த்தால் ஏறத்தாழப் பாதிக் குட்டிகளுக்குக் காது மடியும். அதுவும் பிறந்தவுடன் இல்லை, மூன்று நான்கு வாரம் ஆன பிறகு.

காது ஏன் மடிகிறது? அதைத் தாங்கும் குருத்தெலும்புக்கு உறுதி போதவில்லை. குருத்தெலும்பு காதில் மட்டும் இருக்கிற பொருளா? ஒவ்வொரு மூட்டிலும் இருக்கிறது. வால் எலும்புகளுக்கு நடுவில் இருக்கிறது. வளரும் குட்டியின் எலும்புகள் நீள்வதே குருத்தெலும்பு வழியாகத்தான். 1999-ல் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் ரிச்சர்ட் மாலிக்கும் அவர் சகாக்களும் ஃபோல்ட் பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து, காது மடிந்த எந்தப் பூனையும் இந்த எலும்பு நோயிலிருந்து முழுதும் தப்புவதில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். கணுக்கால் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகின்றன, பாதம் குட்டையாகிறது, வால் விறைக்கிறது. மாறிய பிரதி இரண்டு இருந்தால் இளம் வயதிலேயே முடமாகிவிடும். ஒன்று இருந்தால் மெதுவாக வரும். காரணமான மரபணு 2016-ல் பிடிபட்டது. அதன் பெயர் டிஆர்பிவி4. குருத்தெலும்புச் செல்லுக்குள் கால்சியம் நுழையும் வாயிலைக் கட்டுவது அதன் வேலை.

காது மடிவது அந்த நோயின் முதல் அறிகுறி. அதையே அழகென்று எண்ணிப் பெருக்கியிருக்கிறோம். பிரிட்டனின் முதன்மையான பூனைப் பதிவு அமைப்பு 1970களின் தொடக்கத்திலேயே இந்த ரகத்தைப் பதிவுசெய்வதை நிறுத்திவிட்டது. நெதர்லாந்தில் இதைப் பெருக்குவது சட்டப்படி தடை. "பேரன்ட்ஸ் ரெண்டும் ஹெல்த்தி சார்" என்று விற்பவர் சொல்வார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. வலியை மறைப்பது பூனையின் இயல்பு. நொண்டாது, கத்தாது, அலமாரி மேல் ஏறுவதை நிறுத்திவிடும், நாமும் அதைச் சாது என்று மெச்சுவோம். மடிந்த காதுக் குட்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அந்த ஈற்றிலேயே காது நிமிர்ந்த குட்டிகளும் இருக்கும். அவற்றிடம் அந்த மாறிய பிரதி இல்லை, நோயும் இல்லை.

நம்மூரில் அதிகம் விற்பனையாகும் பாரசீகப் பூனையின் கதை இன்னும் சிக்கலானது. முதலில் ஒரு செய்தி: 2008-ல் லெஸ்லி லயன்ஸ் என்ற மரபியலாளரின் குழு உலகெங்குமுள்ள பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டபோது, இன்றைய பாரசீக ரகம் மேற்காசியப் பூனைகளோடு சேரவில்லை. மேற்கு ஐரோப்பியப் பூனைகளோடு சேர்ந்தது. 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வெயர் நடத்திய பூனைக் கண்காட்சியைத் தொடர்ந்து, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செதுக்கிச் செதுக்கி உருவாக்கிய ரகம் இது. சயாமீஸோ உண்மையிலேயே தென்கிழக்கு ஆசியப் பூனைகளின் உறவு.

சென்னை வியாபாரிகள் பாரசீகக் குட்டிகளை 'டால் ஃபேஸ்', 'பஞ்ச் ஃபேஸ்' என்று பிரிக்கிறார்கள். மூக்கு ஓரளவு நீண்டிருந்தால் டால். முகத்தோடு அமுங்கியிருந்தால் பஞ்ச், விலையும் அதிகம். இந்த முகத்தை ஒற்றை மரபணு தீர்மானிப்பதில்லை, பல சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆனால் இங்கும் விளைவு முகத்தோடு நிற்காது. மண்டையோடு குறுகினாலும் உள்ளே இருக்க வேண்டிய பற்கள், மூக்கெலும்பு மடிப்புகள், கண்ணீர்க் குழாய் எல்லாம் குறைந்த இடத்துக்குள் அடங்கியாக வேண்டும். கண்ணிலிருந்து மூக்குக்குக் கண்ணீரை இறக்கும் குழாய் வளைந்து நெளிந்துபோவதை சி.டி. ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். கண்ணீர் அதில் இறங்காமல் கன்னத்தில் வழிகிறது. பஞ்ச் ஃபேஸ் பூனையின் கண்ணுக்கடியில் இருக்கும் பழுப்புக் கறை அதுதான். தினமும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும், அதன் ஆயுள் முழுக்க. பிரிட்டனில் பாரசீகப் பூனையின் மூக்கு நுனியின் மேல்விளிம்பு கீழிமைக்கு மேலே போனால் போட்டியில் பரிசு மறுக்கப்படும். கடையில் இதை நீங்களே பார்க்கலாம். குட்டியை நேருக்கு நேர் பிடித்து, இரு கீழிமைகளையும் இணைத்து மனத்துக்குள் ஒரு கோடு போடுங்கள். மூக்கு அந்தக் கோட்டுக்குமேல் இருந்தால் வேறு குட்டி பாருங்கள். அது தூங்கும்போது மூச்சின் சத்தத்தையும் கேளுங்கள்.

முடி தனி வேலை. ஒருநாள் சீவாமல் விட்டால் அக்குளிலும் தொடையிடுக்கிலும் சிக்கு விழும். ஒரு வாரம் விட்டால் சிக்கு கட்டியாகித் தோலை இழுக்கும், அப்போது மழிப்பதைத் தவிர வழியிராது. பூனைக்கு வியர்வை பாதத்தில் மட்டுமே. அமுங்கிய மூக்கோடும் கனத்த முடியோடும் மே மாதத்துச் சென்னையில் மின்தடை நேரத்தை அது எப்படிக் கழிக்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவுசெய்யுங்கள்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சங்கதிகள். தெரியாதது சிறுநீரகத்தில் இருக்கிறது. பாரசீகப் பூனைகளில் சிறுநீரகத்துக்குள் நீர்க்கட்டிகள் பெருகும் பரம்பரை நோய் ஒன்று உண்டு, சுருக்கமாக பி.கே.டி. மரபணுச் சோதனை வருவதற்கு முன் பல நாடுகளில் ஸ்கேன் செய்து பார்த்தபோது, பாரசீகப் பூனைகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இந்த நோய் இருந்தது. இதற்கும் முகத்துக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை, பல்விளைவு அல்ல. பின் எப்படி இவ்வளவு பரவியது? எங்கோ ஒரு முன்னோரிடம் அந்தச் சடுதி மாற்றம் இருந்தது. ரகத்தின் பதிவேட்டுக்குள் வெளிப்பூனைகளைச் சேர்ப்பது அரிது. கோப்பை வென்ற கடுவனிடமே எல்லாரும் தங்கள் பெட்டைகளைக் கொண்டுபோனார்கள். இந்த நோயில் கட்டிகள் பிறவியிலேயே இருந்தாலும் சிறுநீரகம் செயலிழப்பது பெரும்பாலும் ஏழு வயதையொட்டித்தான். அதற்குள் அந்தக் கடுவனின் குட்டிகள் பல வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இது ஓங்கு பண்பு என்பதால் பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிக்கு வரப் பாதி வாய்ப்பு. 2004-ல் லயன்ஸின் குழு அந்த மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தது. இப்போது கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து அனுப்பினால் போதும், குட்டிப் பருவத்திலேயே விடை தெரிந்துவிடும். தாய் தந்தை இரண்டுமே சோதனையில் தேறியிருந்தால் இந்தக் குறிப்பிட்ட மாற்றம் குட்டிக்கு வராது. பூனை மரபியலில் இவ்வளவு தெளிவான பதில் கிடைக்கும் இடங்கள் குறைவு. பெடிகிரி சர்டிபிகேட் என்பது வம்சாவளி மட்டுமே. தாத்தா பாட்டி பெயர் அதில் இருக்கும், அவர்களின் சிறுநீரகம் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. அதனால் பாரசீகம் என்றால், ஹிமாலயனுக்கும் சேர்த்து, பெற்றோரின் பி.கே.டி. ரிப்போர்ட்டைக் கேளுங்கள். மெய்ன் கூன், ரேக்டால் ரகங்கள் என்றால் இதயத் தசை தடிக்கும் நோய்க்கான சோதனையைக் கேளுங்கள். அந்த இரு ரகங்களிலும் காரணமான மாற்றங்கள் 2005-லும் 2007-லும் கண்டறியப்பட்டன. ஆனால் இதய நோய்க்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால், அங்கே மரபணு ரிப்போர்ட்டோடு எக்கோவும் பார்த்திருக்கிறார்களா என்று கேட்பது நல்லது. ரிப்போர்ட் இல்லாத இடத்தில் விலை குறைத்துத் தந்தாலும் லாபமில்லை.

குணம் எப்படி இருக்கும் என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. சயாமீஸ் வாயாடி, பாரசீகம் அமைதி என்ற பொது வழக்கில் உண்மை இருக்கிறது. ஆனால் மடியில் வந்து படுக்குமா, விருந்தாளி வந்தால் கட்டிலுக்கடியில் ஓடுமா என்பதை ரகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் 1980களில் குட்டிகளைப் பிரித்து, சிலவற்றை மூன்றாம் வாரத்திலிருந்தும் சிலவற்றை ஏழாம் வாரத்திலிருந்தும் கையிலெடுத்துக் கொஞ்ச வைத்தார். முன்னதாகத் தொடங்கியவை மனிதரிடம் அதிகம் ஒட்டின. குட்டி மனிதரை ஏற்கும் பருவம் இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை. அந்த நாட்களில் அது உங்களிடம் இருக்காது, விற்பவரிடம்தான் இருக்கும். கூண்டில் வளர்ந்ததா, ஆள் நடமாடும் வீட்டில் வளர்ந்ததா என்று போய்ப் பார்க்க வேண்டியது அதனால்தான்.

அதற்காக ஐந்து வாரக் குட்டியைத் தூக்கி வந்துவிடக் கூடாது. 2017-ல் ஹெல்சின்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 6000 பூனைகளைப் பற்றி வளர்ப்பவர்களிடம் விவரம் திரட்டினார்கள். எட்டு வாரத்துக்குள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவற்றில் ஆக்ரோஷம் அதிகம். பதினான்கு வாரத்துக்குப் பிறகு பிரிந்தவற்றில் பிரச்சினை குறைவு. கடிக்கும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்பதை உடன்பிறந்தவைதான் கற்றுத்தருகின்றன. பன்னிரண்டு, பதின்மூன்று வாரம் வரை தாயிடம் விட்டுவைத்து, முதல் இரண்டு தடுப்பூசிகளையும் போட்டுத் தருகிற வளர்ப்பாளரே நம்பத் தகுந்தவர். "குட்டியாக இருக்கும்போது வாங்கினால்தான் பழகும்" என்ற அவசரம் வியாபாரத்துக்குத்தான் உதவும்.

கடைசியாக, தகப்பனைப் பற்றிக் கேளுங்கள். சாண்ட்ரா மெக்யூன் கேம்பிரிட்ஜில் செய்து 1995-ல் வெளியிட்ட ஆய்வில், மனிதரிடம் இணக்கமான கடுவன்களுக்குப் பிறந்த குட்டிகள், மற்றக் கடுவன்களின் குட்டிகளைவிடத் துணிச்சலாகப் புதியவரையும் புதிய பொருளையும் நெருங்கின. கடுவன் குட்டிகளை வளர்ப்பதில்லை. அந்தக் குட்டிகள் தகப்பனோடு பழகவே இல்லை. ஆகவே தந்தையிடமிருந்து வந்தது பழக்கமாக இருக்க முடியாது, மரபணுவாகத்தான் இருக்க வேண்டும். தாயைக் காட்டச் சொன்னால் பெரும்பாலோர் காட்டுவார்கள். கடுவன் வேறு வீட்டில் இருக்கும். போன் நம்பர் வாங்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். தரையில் உட்கார்ந்து, கூப்பிடாமல், கையை நீட்டாமல் பத்து நிமிடம் காத்திருங்கள். அது தானாக வந்து உங்களை முகர்ந்து பார்க்கிறதா என்று கவனியுங்கள்.